நாற்பத்து மூன்று பெயர்கள்

மின்னஞ்சலை மூன்றாவது முறை படித்து முடித்தபோது வாசுகியின் தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. செனாயில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். அதில் இருபது போய்விட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

முப்பது வருடங்களுக்கு முன் அவள் எழுதி, அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துவந்த 'அரைமணி' என்ற ஜாதகம் கணிக்கும் கணினி நிரலை, அதை வைத்திருந்த இணையத்தளம் நீக்கிவிட்டது. நிரலின் உண்மையான உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறாராம். உரிமையாளர் பெயர் திருச்செல்வம், பெர்மாஸ் ஜெயா, ஜொகூர் பாரு. சான்றாக அவன் அனுப்பியிருந்தது நிரலோடு கூடவே வரும் 'ஆக்கியோர்' என்ற கோப்பு. வாசுகி தன் கையால் தட்டிய கோப்பு அது. நாற்பத்து மூன்று பெயர்கள். அதில் அவன் பெயரும் இருந்தது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் சோற்றைக் கொட்டினாள். பிற்பகல் முழுவதும் சர்க்யூட் பலகைகளைச் சோதனைக் கருவியில் வைத்து எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய கோபம் அப்படித்தான். அது வாய்க்கு வருவதற்கு முன் நெடுநேரம் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

*

நிரல் எழுதியவள் என்றாலும் வாசுகிக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. கிரகங்கள் என்ன செய்யும் என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. அவை எங்கே நிற்கின்றன என்பதில்தான் அக்கறை.

தொண்ணூற்று நான்கில், அவளுக்கு இருபத்து மூன்று வயதில், ஒரு வரன் வந்தது. பழைய கையெழுத்து ஜாதகத்தில் அவள் விருச்சிக லக்னம். ஜோசியர் புதிதாக வாங்கிய கணினி துலா லக்னம் என்று அச்சடித்துக் கொடுத்தது. வரன் தட்டிப்போனது. அவள் அழவில்லை. எது சரி என்று தெரிந்தாக வேண்டும் என்று பட்டது. இரண்டாம் கையாக ஒரு கணினி வாங்கி, கணிதப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே ஒரு நிரல் எழுதினாள். மூன்று மாதத்தில் காரணம் அகப்பட்டது. எண்பத்தொன்று டிசம்பர் கடைசி நாள் வரை மலேசியாவின் கடிகாரம் இப்போதைய நேரத்தைவிட அரைமணி பின்னால் இருந்தது. அன்று இரவு பதினொன்றரை மணியைப் பன்னிரண்டு என்று மாற்றினார்கள். எங்கோ எழுதப்பட்ட ஜோசியரின் நிரலுக்கு இது தெரியாது. அதற்கு முன் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது அரைமணி தவறாகவே கணித்துக்கொண்டிருந்தது.

ஒரு கணினி இதழின் வாசகர் பகுதிக்கு நான்கு வரி எழுதிப் போட்டாள். வெற்று டிஸ்க் ஒன்றும் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் அனுப்பினால் நிரல் கிடைக்கும். மாதத்துக்கு ஐந்தாறு பேர் அனுப்பினார்கள். தபால்காரர் மடக்கிவிடாமல் இருக்க மைலோ பானப் பெட்டியின் அட்டையை வெட்டி டிஸ்கின் இரண்டு பக்கமும் வைத்து அனுப்பினாள். ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு சின்னக் கோப்பு இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். தவறு கண்டால் திருத்துங்கள். திருத்தினால் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

அனுப்பினார்கள். சிகாமட்டிலிருந்து ஐயாசாமி என்ற மின்வாரிய ஊழியர் சந்திரனின் கணக்கைச் சரிசெய்து அனுப்பினார். பினாங்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அச்சடிக்கும் பகுதியை எழுதினாள். குளுவாங்கிலிருந்து வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அய்யாவு என்ற, ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி, ஜப்பான்காரன் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம் ஓடியது என்று கண்டுபிடித்து எழுதியிருந்தார். நாற்பத்திரண்டு பிப்ரவரியிலிருந்து நாற்பத்தைந்து செப்டம்பர் வரை கடிகாரம் ஒன்றரை மணி முன்னால் போயிருந்தது. எந்த ரப்பர் தோட்டத்தில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பிறந்த நேரம் எழுதினார்கள் என்று நூற்றுப்பதினேழு பிறப்புகளை வைத்து ஒரு அட்டவணையே போட்டிருந்தார். அதைப் படித்த அன்று வாசுகி வேலைக்குப் போகவில்லை.

டிஸ்க் போய் சிடி வந்தது. சைபர் கஃபேக்களில் ஒருவருக்கொருவர் நகலெடுத்துக் கொடுத்தார்கள். பிறகு மின்னஞ்சல் குழு, பிறகு அந்த இணையத்தளம். எத்தனையோ கோயில்கள், எத்தனையோ பேரின் கைப்பேசிச் செயலிகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் நேர அட்டவணையை எடுத்துக்கொண்டிருந்தன. வாசுகி யாரையும் எண்ணியதில்லை.

பெயர்ப் பட்டியலை மட்டும் அவள் விடவில்லை. ஒரு எழுத்தைத் திருத்தியவருக்கும் அதில் இடம் உண்டு. முதலில் வந்த வரிசையில் இருந்தது. பட்டியலைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிய வருடம், யாரும் பெரியவர் சிறியவர் இல்லை என்று அகரவரிசைக்குக் கொண்டுவந்தாள். அய்யாவு முதலில் வந்தார். அவள் கடைசிக்குப் போனாள். அன்று அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடக்கம் என்று நினைத்தாள். அடக்கமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை என்று இப்போது தோன்றியது.

*

அன்று மாலை வாசுகி தெப்ராவில் உள்ள வீட்டுக்கு வந்ததும் கணவன் விஜயன் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான்.

"என்ன மூஞ்சி இது? சூப்பர்வைசர் வாயக் குடுத்தானா?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தான். சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுபவன். எதையும் அவசரப்படாமல் படிப்பான்.

"ஃப்ரீயா தானே குடுத்த?"

"ஆமா."

"ஃப்ரீயா குடுத்தத ஒருத்தன் எடுத்துக்கிட்டான். அதுக்கு ஏன் இவ்ளோ கோவம்?"

"எடுத்ததுக்கு இல்லங்க. எடுக்கத்தான் குடுத்தேன். ஊரே எடுத்துச்சு. இவன் உள்ள வந்து, மத்தவன் வராம கதவச் சாத்திட்டான்."

விஜயன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "வேற எடத்துல போடேன்லா" என்றான்.

"போட்டா அங்கயும் இதே புகாரத் தூக்கிட்டு வருவான். அதுலயே எழுதியிருக்கான் பாருங்க."

"அவன் எத்தன வரி எழுதினான்?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

அவள் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

*

திருச்செல்வத்தின் அலுவலகம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மறுநாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். சுவரில் ஒரு பெரிய திரையில் அவன் விற்கும் செயலியின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மலேசியர்களுக்கான ஒரே துல்லிய ஜாதகம். திருச்செல்வத்தின் முப்பதாண்டு ஆராய்ச்சி.

"அக்கா! அலமாக், சொல்லிட்டு வந்திருக்கலாம்லா. உக்காருங்க, உக்காருங்க. தே தாரிக் வாங்கிட்டு வரச் சொல்லவா?"

அவள் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் தடித்திருந்தான். தொண்ணூற்றாறில் ஒரு முறை நேரில் பார்த்தபோது தீக்குச்சி மாதிரி இருந்தான். டிஸ்கைத் தபாலில் அனுப்பப் பயந்து பஸ் ஏறி வந்து கையில் வாங்கிக்கொண்டு போனவன். இப்போது சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. அவள் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மௌனத்தைத் தாங்க முடியாதவர்கள் உண்டு. அவன் அந்த வகை.

"அந்த மெயில் பாத்து டென்ஷன் ஆயிட்டீங்களாக்கா? அது சும்மா ஃபார்மாலிட்டி. கோலாலம்பூர்ல ஒரு பார்ட்னர் வந்திருக்கான். பேப்பர் கிளீனா இருக்கணும்னு சொல்றான். அதே சாமான் அங்க சும்மா கெடச்சா இங்க யாரு வாங்குவான்னு கேக்கறான். நான் என்ன பண்றது?"

அவள் சுவரில் ஓடிய விளம்பரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க மேல எனக்கு என்ன கோவம்? என்னைய வளத்துவிட்டதே நீங்கதான். மேடையில கூட சொல்லியிருக்கேன்."

"என் பேர சொன்னியா?"

"ஒரு அக்கான்னு சொன்னேன்."

திரையில் விளம்பரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"திரு. நீ எந்த வரி எழுதின?"

"என்னக்கா?"

"நிரல்ல. நீ எழுதின வரி எது?"

அவன் சிரித்தான். "முப்பது வருஷம் ஆச்சுக்கா. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு. பாசீர் கூடாங். ஊர்ப் பட்டியல்ல அந்த ஒரு ஊரு இல்லன்னு சேத்து அனுப்பின. அதுலயும் தீர்க்கரேகைய தப்பா போட்டிருந்த. ஊரு கடல்ல கெடந்துச்சு. நான்தான் கரையேத்தினேன்."

"அப்ப என் பேர ஏன் போட்டீங்க?"

அவன் அதை நையாண்டியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.  கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் நின்று நின்று இரைந்தது.

"எல்லாரும் சமம்னு எழுதி வெச்சது நீங்கதானே?" என்று அவன் தொடர்ந்தான். "சமம்னா நானும் ஓனர்தானேக்கா. லாயர் கிட்ட லிஸ்ட காமிச்சேன். இதுல தலை யாருன்னு கேட்டான். மொத ஆளு அய்யாவு, அவரு போயிட்டாரு. நீங்க கடைசி பேரு. கடைசியில இருக்கறவங்க எப்படி தலையா இருக்க முடியும்னு அவனே சொல்றான்."

"அய்யாவு போயிட்டாரு. அதனால என்ன?"

"அதனால அவரு வந்து கேக்க மாட்டாருன்னு சொல்றேன். கோவப்படாதீங்க. வழி இருக்கு." அவன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க. பக்கம் நாளைக்கே திரும்ப வந்துரும். உங்க பேருலயே. அந்தப் பழைய நேர அட்டவண, ஜப்பான் நேரம், அது மட்டும் எங்க ஆப்ல இருக்கும். மத்ததெல்லாம் நீங்க ஊருக்குக் குடுத்துக்கங்க."

"அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? அந்த ஜோசியர் வெச்சிருந்த மெஷின்தான்."

"இப்ப உள்ள புள்ளைங்களுக்கு அது போதும்லா. எண்பத்திரண்டுக்கு முன்னால பொறந்தவங்க எத்தன பேரு மிச்சம்?"

வாசுகி அந்த ஐம்பத்து நான்கு வயது உடம்போடு எழுந்து நின்றாள்.  பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.  அவள் சொன்னது ஒன்றுதான்.

"அட்டவணைய எழுதினது நீ இல்ல. நானும் இல்ல."

"நான் போய்ப் பாத்தேன்க்கா, அய்யாவு அண்ணன் செத்தப்ப" என்றான் திருச்செல்வம், வாசல் வரை கூடவே வந்து. "நீங்க வரலையே."



*

இணையத்தளத்தில் எதிர்ப்பு தெரிவிக்க ஒரு படிவம் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அதை நிரப்ப உட்கார்ந்தாள். பெயர், முகவரி, எந்த வருடம் எழுதியது. பிறகு ஒரு கேள்வி. இந்த நிரலை ஆக்கியவர் நீங்கள் மட்டும்தானா? ஆம். இல்லை.

ஆம் என்றால் இரண்டு வாரத்தில் பக்கம் திரும்பி வரும். புகார் கொடுத்தவன் நீதிமன்றத்துக்குப் போனால்தான் வராது. இல்லை என்றால், புகார் கொடுத்தவர் நீங்கலாக, ஆக்கியோர் ஒவ்வொருவரின் ஒப்புதலும் வேண்டும். இறந்தவர்களுக்கு வாரிசின் கையெழுத்து. திருச்செல்வத்தையும் அவளையும் கழித்தால் நாற்பத்தோரு கையெழுத்து. அவர்களில் பலரை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. உறையின் மேலிருந்த கையெழுத்தாக மட்டுமே தெரியும்.

விஜயன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "ஆம்னு அமுக்கு. யாரு வந்து கேக்கப் போறா?"

"என்னங்க?"

"பக்கம் வரணுமா வேணாமா? முக்கால்வாசி நீதானே எழுதின. ஆம்னு போடு, பக்கம் வரட்டும், அப்பறம் அந்த லிஸ்ட திரும்ப மாட்டிக்கோ. யாருக்கு என்ன நட்டம்?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்தது அப்போது எழுந்தது.

"யாரு கேக்கப் போறான்னு அவனும் இதே மாதிரி நெனச்சுத்தான் அமுக்கியிருப்பான்! அவன் நாற்காலியில என்னைய உக்கார வெக்கப் பாக்கறீங்களா? அந்த மனுசன் நூத்துப்பதினேழு பேரோட பொறந்த நேரத்த ஒண்ணொண்ணா தேடி எழுதினாரு. நான் ஆம்னு அமுக்கினா அது என்னோடதா? சொல்லுங்க! எந்த வாய வெச்சு ஆம்னு சொல்லுவேன்?"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. விஜயன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு மெதுவாக வெளியே போய் கார் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த கார்.

அவள் 'இல்லை' என்பதை அமுக்கினாள்.

அகரவரிசையில் முதல் பெயர் அய்யாவு. பழைய தொலைபேசி எண் வேலை செய்தது. ஒரு பெண் குரல் எடுத்தது.

"அண்ணி, நான் தெப்ராவ்லேர்ந்து வாசுகி பேசறேன். அய்யாவு அண்ணன் கூட கம்ப்யூட்டர்ல..."

"எந்த வாசுகி?"

அவள் சொன்னாள். அரைமணி, டிஸ்க், அட்டவணை.  மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அது அந்த வீட்டு மின்விசிறியா இந்த வீட்டு மின்விசிறியா என்று தெரியவில்லை.

"கையெழுத்தா?" என்றது குரல் கடைசியில். "அவரு செத்து நாலு வருஷம் ஆச்சு. இப்ப கையெழுத்தா?"

"அண்ணி..."

"எடம் தெரியுமில்ல? வந்து கேளு. ஃபோன்ல கேக்காத."

வைத்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை வாசுகி தனியாகவே குளுவாங்குக்குக் கார் ஓட்டிப் போனாள். அய்யாவுவின் மரணச் செய்தி வந்த நாளை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். கோவிட் காலம்தான். எல்லை, தடை, அனுமதி எல்லாம் உண்மைதான். ஆனால் தடையெல்லாம் எடுத்த பிறகும் மூன்று வருடம் இருந்தது. மின்னஞ்சல் குழுவில் இரங்கல் எழுதினாள், நன்றாகவே எழுதினாள். அவருடைய வீட்டில் அழுதுகொண்டிருந்த மனைவி அந்தக் குழுவில் இல்லை என்பது அன்று தோன்றவில்லை.

அய்யாவுவின் மனைவி புஷ்பவள்ளி கேட்டைத் திறந்துவிட்டு, வா என்று சொல்லாமல் உள்ளே நடந்தாள். அறுபத்தைந்து இருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். தண்ணீர் வரவில்லை. வாசுகி எதிர்பார்க்கவும் இல்லை.

"அவன் வந்தான்" என்றாள் புஷ்பவள்ளி. "திருச்செல்வம். ரெண்டு டின் மைலோ வாங்கிக்கிட்டு வந்தான். ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுப் போனான். அவனாச்சும் வந்தான்."

"தப்புதான் அண்ணி."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?"

ஆகாதுதான். வாசுகி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் அய்யாவுவின் படம். அவரைப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். காது பெரிதாக இருந்தது.

"எடு அந்தப் பேப்பர" என்றாள் புஷ்பவள்ளி.

வாசுகி அச்சடித்துக் கொண்டுவந்த பட்டியலை நீட்டினாள். புஷ்பவள்ளி தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். அய்யாவு, குளுவாங். ஜப்பானியர் கால நேர அட்டவணை, 1942 - 1945. அந்த ஒரு வரியிலேயே கண் நின்றது. நெடுநேரம் நின்றது.

"இத அவரு எழுதினாருன்னு போட்டிருக்க."

"ஆமா அண்ணி. நூத்துப்பதினேழு பேரு. அவரு எப்படித்தான் கண்டுபிடிச்சாரோன்னு நாங்கல்லாம்..."

"எப்படிக் கண்டுபிடிச்சாரு? சொல்லு, கேப்போம்."

குரலில் ஏதோ இருந்தது. வாசுகி நிமிர்ந்தாள்.

"பொறப்புச் சீட்டுல காலைல ஏழரைன்னு எழுதியிருக்கான். அந்தப் பிள்ளையப் பெத்தவ சொல்றா, நான் பெத்தப்ப வெளக்கு எரிஞ்சிச்சு, காலைல ஆள் எண்ணற பெரட்டுக்குக்கூட இன்னும் கூப்புடலன்னு. அப்ப சீட்டுல இருக்கறது ஜப்பான் மணின்னு, அத வெச்சுத்தானே கணக்கு போட்டீங்க எல்லாரும்? பிரசவ நேரத்த, வலி எப்ப வந்துச்சு, பனிக்கொடம் எப்ப ஒடஞ்சுச்சுன்னு, அந்தக் கெழவிங்க ஒரு ஆம்பளகிட்ட வாயத் தொறந்து சொல்லுவாங்களா?"

வாசுகி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நீங்க..."

"நான்தான். தோட்டத்துல லயம் லயமா, வீடு வீடா நான்தான் போனேன். எட்டு மாசம், ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. அவரு சைக்கிள்ல கொண்டாந்து விட்டுட்டு ரோட்டுலயே நிப்பாரு. நான் கேட்டுட்டு வந்து சொல்லுவேன், நோட்டுல நான்தான் எழுதுவேன், அவரு அத கம்ப்யூட்டர்ல தட்டுவாரு. ஒரு கெழவி என் மடியில படுத்து அழுதுச்சு, அந்தப் புள்ள செத்துப்போச்சுன்னு. அந்தப் பொறப்பும் உங்க நூத்துப்பதினேழுல ஒண்ணு."

அவள் தாளை மேசையில் வைத்தாள். எறியவில்லை. எறிந்திருந்தால் தேவலை என்று வாசுகிக்கு இருந்தது.

"அண்ணன் ஒரு வார்த்த எழுதலையே அண்ணி."

"நீ கேட்டியா? பேரும் ஊரும் எழுதுங்கன்னு எழுதியிருந்த. டிஸ்க அனுப்பினவரு பேர எழுதினாரு. யார் யாரு செஞ்சீங்கன்னு நீ கேக்கலியே."

இந்த இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதற்கும் வாசுகி ஒரு முகவரி வைத்திருந்தாள். பெர்மாஸ் ஜெயா, டயர் கடைக்கு மேல் மாடி. இப்போது அதே கோபம் அந்த முகவரியை விட்டு நகராமலேயே இன்னொரு வீட்டிலும் வந்து நின்றது. தன் வீட்டில். பெயர்களைக் காப்பவள் என்று முப்பது வருடம் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயர் முதல் நாளிலிருந்தே வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"அவரு சார்புல நான் போட மாட்டேன்" என்றாள் புஷ்பவள்ளி. "வாரிசுன்னு போட மாட்டேன். என் சார்புல போடறேன். அதுக்கு எடம் இருக்கா இந்தப் பேப்பர்ல?"

இடம் இல்லை. படிவத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தால் இணையத்தளம் ஏற்குமா என்று தெரியாது. புதிதாக ஒரு பெயர் முளைத்திருக்கிறது என்று திருச்செல்வத்தின் வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்ளலாம். பக்கம் இன்னும் மாதக்கணக்கில் இருண்டு கிடக்கலாம். இதையெல்லாம் வாசுகி ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைக்கக்கூடாது என்று இருந்தது.

"அப்ப வேணாங்கறியா?"

"இல்ல அண்ணி. என்ன ஆகும்னு சொன்னேன். அவ்ளோதான்." அவள் பேனாவைத் திறந்து நாற்பத்து மூன்றாவது பெயருக்குக் கீழே நாற்பத்து நான்கு என்று எழுதினாள். "சொல்லுங்க. பேரும் ஊரும்."

"தெரியாதா உனக்கு?"

"நீங்க சொல்லணும்."

புஷ்பவள்ளி சொன்னாள். வாசுகி எழுதினாள். புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் கடைசியில?"

"இது சும்மா கையால எழுதறது. அடிக்கும்போது எழுத்து வரிசைல வந்துரும்."

"எழுத்து வரிசைன்னா நான் எங்க வருவேன்?"

வாசுகி பட்டியலைப் பார்த்தாள். "திருச்செல்வத்துக்குக் கொஞ்சம் கீழ."

"அவனுக்குக் கீழயா! அவன் பேரே எதுக்கு இதுல? அடிச்சு விடு."

"முடியாது அண்ணி."

"ஏன் முடியாது? பேனா உன் கையிலதானே இருக்கு?"

"ஒரு வரி எழுதினான்." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "அது உண்ம."

புஷ்பவள்ளி அவளை முறைத்தாள். அந்த முறைப்பை வாசுகி தாங்கிக்கொண்டாள். வெளியே ஐஸ்கிரீம் வண்டியின் மணி தெருவைச் சுற்றிவந்து போனது.

"அப்ப வந்த வரிசையில போடு" என்றாள் புஷ்பவள்ளி. "எழுத்து வரிசையும் வேணாம் ஒண்ணும் வேணாம். யாரு எப்ப வந்தாங்களோ அப்படி. நான் தொண்ணூத்தஞ்சுல வந்தேன்."

வாசுகி கணக்குப் பார்த்தாள். "நான், ஐயாசாமி, அண்ணன். அப்பறம் நீங்க."

"அண்ணனுக்கு முன்னால நான். கேட்டது நான். தட்டினதுதான் அவரு."

"சரி அண்ணி."

தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வாசுகி முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். தன் பெயரை முதலில் எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினாள். மூன்றாவது பெயருக்கு நேரே புஷ்பவள்ளி பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள். அழுத்தமான, சரிவான எழுத்து. பிறகு எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. வரும்போது இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"அடுத்து யார் வீட்டுக்குப் போற?"

"சிகாமட். ஐயாசாமி. இருக்காரான்னே தெரியல."

"பொண்டாட்டி இருக்காளா?"

"தெரியாது அண்ணி."

"கேளு" என்றாள் புஷ்பவள்ளி. "மொதல்ல அவளக் கேளு."